சீனி போடாத சாக்லேட்டும் செந்தூல் வெயிலும்

என் மாமனாருக்கு இனிப்பு நீர். அதைப் பற்றி அவருக்கு எந்தக் கவலையும் கிடையாது, கவலையெல்லாம் எங்களுக்குத்தான். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் உட்கார்ந்து, "தே தாரிக், குராங் மானிஸ்", அதாவது இழுத்த டீ, இனிப்புக் கம்மியாக, என்று கம்பீரமாகச் சொல்லுவார். அதில் ஊற்றுகிற கெட்டிப்பாலிலேயே சீனி கொட்டிக் கிடப்பது அவர் கணக்கில் வராது. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஒரு மேசையைச் சுற்றிப் பார்த்தால், மிச்ச ஐந்து பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

போன வருடம் சொந்தக்காரர் ஒருவர் அவருக்குச் 'சீனி இல்லாத சாக்லேட்' ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தார். அன்றைக்குப் பார்த்து நாங்கள் பாகான் டத்தோவுக்குக் கிளம்பினோம். சீனிதான் இல்லையே என்று மாமா காரில் உட்கார்ந்தபடியே டப்பாவைக் காலி செய்துவிட்டார். சீனிக்குப் பதிலாக அதில் இருந்தது மால்டிட்டால். சிறுகுடல் அதை முழுசாக உறிஞ்சாது. மீதி பெருங்குடலுக்குப் போய் தண்ணீரை இழுக்கும், புளித்து வாயுவைக் கிளப்பும். அதிகம் சாப்பிட்டால் வயிறு இளகும் என்று டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை ரவாங் ஓய்விடத்தில் நிறுத்தியபோது படித்தோம். உலு பெர்ணம் ஓய்விடத்தில் நிறுத்தியபோது இன்னொரு தடவை, நிதானமாகப் படித்தோம்.

"இனிமே நானே வீட்டுல செஞ்சு தரேன்ப்பா" என்று என் வீட்டுக்காரர் சபதம் போட்டது அங்கேதான். அவருக்கு முட்டை அவிக்கத் தெரியும். ஆனால் வீடியோ பார்க்கத் தொடங்கினால் அவரைப் பிடிக்க முடியாது.

பேக்கரி சாமான் கடைக்குப் போய் கொக்கோ வெண்ணெய், கொக்கோ பவுடர், சீனிக்குப் பதிலாகப் போடும் எரித்ரிட்டால், சிலிக்கோன் அச்சு, டிஜிட்டல் வெப்பமானி எல்லாம் வாங்கி வந்தார். ரசீதைப் பார்த்து அத்தைக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் படுத்ததால் 2024-இல் கொக்கோ விலை டன்னுக்கு 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது என்று அவர் விளக்கம் சொன்னார். அத்தை, "நமக்கு ஒரு டன்னா வேணும்?" என்று கேட்டார்.

மாமாவுக்கு வேறு வருத்தம். "டேய், இதையா காசு குடுத்து வாங்கிட்டு வந்த? நாங்க தென்னைக்கு நடுவுல நட்டது இது." பாகான் டத்தோ பக்கத்துத் தோட்டங்களில் ஒரு காலத்தில் தென்னை நிழலில் கொக்கோ ஊடுபயிராக நின்றது. பிள்ளைகள் பழத்தை உடைத்து, கொட்டையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்புவார்களாம். புளிப்பும் தித்திப்புமாக இருக்குமாம். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பார்த்தால் காது திருகப்படுமாம், ஏனென்றால் கம்பெனிக்குக் காசு அந்தத் துப்பின கொட்டையில்தான். 1990 வாக்கில் நம் நாட்டில் வருடத்துக்கு 200,000 டன்னுக்கு மேல் கொக்கோ விளைந்தது. அப்புறம் விலை இறங்கியது, காயைத் துளைக்கும் புழு வந்தது, செம்பனை நல்ல லாபம் என்றார்கள், கொக்கோவை வெட்டித் தள்ளினார்கள். இதை மாமா சொல்லும்போது மரத்தை வெட்டியதே என் வீட்டுக்காரர்தான் என்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

சரி, சமையல் கட்டுக்கு வருவோம்.

முதல் தடவை எரித்ரிட்டாலைத் தொடவே இல்லை. ஸ்டீவியா சொட்டு மருந்துபோல் ஒரு குப்பியில் கிடைக்கிறது. சீனியைவிட 200, 300 மடங்கு இனிப்பு, நாலு சொட்டு போதும் என்று முடிவு செய்தார். கொக்கோ வெண்ணெய் உருகி, பவுடர் கலந்து, பளபளவென்று அழகாக ஓடிக்கொண்டிருந்தது. சொட்டுகளை விட்டு இரண்டு சுற்றுச் சுற்றினார். அவ்வளவுதான், முழுக்கக் குழைந்து ஈரச் சிமெண்டாகி கரண்டியைப் பிடித்துக்கொண்டது. அந்தக் குப்பியில் இருந்தது பெரும்பகுதி தண்ணீர். கொழுப்புக்குள் மிதக்கும் கொக்கோ தூள் துளித் தண்ணீரைக் கண்டாலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். சொட்டுத் தண்ணீர் கெடுதல், அரை கப் தண்ணீர் நல்லது என்பதுதான் இதில் விசித்திரம். அத்தை பேசாமல் சூடான பாலை ஊற்றிக் கலக்கினார், கட்டி கரைந்தது. மாமாவுக்கு ஒரு கோப்பை கிடைத்தது. "நல்லா இருக்குடா, இதையே செய்யேன்" என்றார். தோற்ற சாக்லேட்டுக்கு வந்த பாராட்டு என் வீட்டுக்காரரைக் கொன்றுவிட்டது.

அப்புறம்தான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. கொக்கோ 70 சதவீதம் என்று விற்கிற கறுப்புச் சாக்லேட்டில்கூட மிச்ச 30 சதவீதம் பெரும்பாலும் சீனிதான். அது இனிப்புக்கு மட்டும் இல்லை, எடைக்கும் கடிக்கிற பதத்துக்கும் அதுதான் ஆதாரம். அதை எடுத்துவிட்டு நாலு சொட்டு விட்டால் அந்தப் பள்ளம் எப்படி நிரம்பும்? ஆக, எரித்ரிட்டால். அது கொழுப்பில் கரையாது, அப்படியே போட்டால் பல்லில் மணல் நெறிபடும். காய்ந்த மிக்சியில் மாவாக அரைக்க வேண்டும். அரைத்தார். மூடியை உடனே திறந்தார். வீடு முழுக்க வெள்ளைப் புகை, அன்று ராத்திரி பேரப்பிள்ளைகள் சோபாவை நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சாக்லேட்டை வாயில் போட்ட மாமா திடுக்கிட்டு, "கோடாலித் தைலம் போட்டிருக்கானா?" என்று என்னிடம் கேட்டார். தைலம் இல்லை. எரித்ரிட்டால் எச்சிலில் கரையும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் நாக்கு சில்லென்று ஆகும். கொஞ்சம் குறைத்துவிட்டு ஒரு சிட்டிகை ஸ்டீவியா தூளும் உப்பும் சேர்த்தால் அந்தக் குளிர் அடங்குகிறது. வெனிலா எசன்சை மட்டும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது, அதிலும் தண்ணீர் உண்டு.

ஆனால் உண்மையான எதிரி இனிப்பு இல்லை, கோலாலம்பூர். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். அதில் ஐந்தாவது ரகம் மட்டும்தான் பளபளப்பாக இருக்கும், மடக்கென்று உடையும். அதைப் பிடிக்க, உருக்கி 45 டிகிரிக்கு மேல் கொண்டுபோய், 27, 28-க்கு இறக்கி, மறுபடியும் 31, 32-க்கு ஏற்ற வேண்டும். செந்தூலில் மத்தியானம் எங்கள் அடுப்படியே 32 டிகிரி. எதை எங்கே வைத்து 27-க்கு இறக்குவது? சட்டியைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனார், ஏர்கோனைப் போட்டார், கதவைச் சாத்தினார். வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்த அத்தை, "யாருக்குக் காய்ச்சல்?" என்று பதறி ஓடி வந்தார். கதவு திறந்ததும் அறை சூடேறியது, கலவையும் ஏறியது.

அவசரத்தில் ஐஸ்பெட்டிக்குள் வைத்தார். மறுநாள் சாக்லேட் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "பூசணம் பூத்துடுச்சே, வயசானவருக்கு இதையா குடுப்பீங்க?" என்றார். பூசணம் இல்லை ஆன்ட்டி, பதம் தப்பினால் கொழுப்பு மேலே வந்து படியும், சாப்பிட ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மாமா ஐந்து துண்டை முடித்திருந்தார்.

கடைசியில் ராத்திரி பத்து மணிக்கு மேல், பிள்ளைகள் தூங்கி, ஏர்கோன் அறையைப் பூட்டிக்கொண்டு செய்ததுதான் கைகூடியது. கொக்கோ வெண்ணெய் 100 கிராம், பவுடர் 80, அரைத்த எரித்ரிட்டால் 50. உடைத்தபோது சத்தம் கேட்டது. அவர் என்னை எழுப்பி இன்னொன்றையும் உடைத்துக் காட்டினார்.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸியிடம் மாமாவே பெருமையாகக் காட்டியிருக்கிறார். மிஸ்ஸி பார்த்துவிட்டு, சீனி இல்லை, சரி, ஆனால் கிட்டத்தட்டப் பாதி கொழுப்பு, ஒரு நாளைக்கு இரண்டு துண்டுக்கு மேல் கூடாது என்று கறாராகச் சொல்லி அனுப்பினார். மாமா மறுபேச்சுப் பேசவில்லை. வழியில் மகனைப் பேக்கரி சாமான் கடைக்கு வண்டியை விடச் சொல்லி, அச்சுகள் இருக்கும் பக்கம் போய் ரொம்ப நேரம் பார்த்து, தன் கையாலேயே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்.

ரொட்டி சுடுகிற அச்சு.