நிபாவை எதிர்பார்த்து: ஓர் எல்லையோர மருத்துவமனையின் நாட்குறிப்பு

13 செப்டம்பர் 2023, புதன்

கோழிக்கோடு மாவட்டத்தில் இறந்த இருவருக்கும் நிபா தொற்று இருந்தது நேற்று உறுதியாகிவிட்டது. பழந்தின்னி வௌவால்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வைரஸ் அது. முதலாமவர் ஆகஸ்ட் 30 அன்றும் இரண்டாமவர் செப்டம்பர் 11 அன்றும் இறந்திருக்கிறார்கள். கேரள எல்லையிலுள்ள வாளையாறு சோதனைச் சாவடியைக் கடந்து நாள்தோறும் நோயாளிகள் வந்துபோகும் மருத்துவமனை எங்களுடையது என்பதால், காலையிலேயே தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவைக் கூட்டினோம். செவிலியர் கண்காணிப்பாளர் என்ற முறையில் குழுவின் அன்றாடப் பணிகள் என் பொறுப்பில் இருக்கின்றன.

எத்தனை வென்டிலேட்டர்கள் தயாராக இருக்கின்றன, பாதுகாப்பு உடைகள் போதுமா என்பதிலேயே பேச்சு நெடுநேரம் சுற்றியது. அவை வேண்டியவைதாம். ஆனால் நிபாவின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு அச்சம் வேறிடத்தில் இருக்கும். 2001இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் தொற்றுக்கு ஆளானவர்களில் நான்கில் மூன்று பங்கினர் மருத்துவமனை ஊழியர்களும் நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களுமே. 2018இல் கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும் 17 பேரைப் பலிகொண்ட தொற்றும் பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்தான் கைமாறியது. வௌவாலிடமிருந்து அது மனிதருக்கு வருவது அரிது. வந்தபின் அதைப் பரப்பும் இடமாக நம் வராந்தாக்களே ஆகிவிடுகின்றன. ஆகவே ஏற்பாடுகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அல்ல, வாசற்படியிலிருந்து தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். மருத்துவக் கண்காணிப்பாளரும் ஒப்புக்கொண்டார்.

14 செப்டம்பர், வியாழன்

கோழிக்கோட்டில் ஒரு மருத்துவமனை ஊழியருக்கும் தொற்று உறுதியாகியிருக்கிறது. அவருக்கு வயது 24. செய்தியைக் கேட்ட எங்கள் இளம் செவிலியர்கள் பேச்சற்று நின்றார்கள்.

இதுவரை காய்ச்சலோடு வருபவர் சீட்டுப் பதிந்து, காத்திருப்புக் கூடத்தில் கர்ப்பிணிகளோடும் முதியவர்களோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் மருத்துவரைப் பார்த்து வந்தார். இன்று முதல் வாயிலுக்கு வெளியே, சீட்டுப் பதியும் இடத்துக்கும் முன்னதாக, ஒரு மேசை போட்டிருக்கிறோம். காய்ச்சலுடன் தலைவலி, வாந்தி, மயக்கம், மூச்சுத்திணறல் ஏதேனும் உண்டா என்பது அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி. கடந்த 21 நாட்களில் கோழிக்கோட்டுப் பக்கம் போனீர்களா, அல்லது எந்த மருத்துவமனையிலாவது காய்ச்சல் நோயாளிக்குத் துணையாக இருந்தீர்களா என்பது இரண்டாவது. இதன் பின்பாதிதான் முக்கியமானது, ஏனெனில் பயணத்தைச் சொல்ல நினைவு வைத்திருப்பவர்கள்கூட, மாமனாருக்காக ஆஸ்பத்திரியில் ஓர் இரவு தங்கியதைத் தாமாகச் சொல்வதில்லை.

இரண்டுக்கும் ஆம் என்பவருக்கு முகக்கவசம் அணிவித்து, கட்டடத்துக்குள் நுழைக்காமலே பின்பக்கமாகச் சுற்றி அழைத்துச் செல்வோம். கொரோனாக் காலத்தில் ஒதுக்கிய பின்கட்டு வார்டுக்குத் தனி வாசல் இருக்கிறது; மற்ற பகுதிகளின் குளிரூட்டும் குழாயோடு அதற்குத் தொடர்பும் இல்லை. காற்று உள்ளிருந்து வெளியே மட்டும் போகும்படி மின்விசிறிகளைப் பொருத்தி, வெளியேறும் பக்கத்தில் ஆள்நடமாட்டத்தைத் தடுத்திருக்கிறோம். கையுறையோ பஞ்சோ எதுவானாலும் உள்ளே போனது மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் கட்டப்பட்டே வெளியே வரும்.

16 செப்டம்பர், சனி

நேற்று ஆறாவது நோயாளி உறுதியானார். நிபாவின் இறப்பு விகிதம் 40 முதல் 70 சதவீதம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் சொல்லியிருக்கிறார். இதற்குத் தடுப்பூசி இல்லை, உறுதியான மருந்தும் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வரும், ஆய்வகத்தில் உருவாக்கிய மோனோகுளோனல் எதிர்ப்பொருளையும் நோயாளிக்குக் கடைசி முயற்சியாகவே கொடுக்க முடியும்.

இன்று முழுவதும் பாதுகாப்பு உடையைக் கழற்றும் பயிற்சி. அணிவதை எல்லோரும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் வியர்த்துக் களைத்து வெளியே வந்து, கண்ணாடியையும் முகக்கவசத்தையும் எப்போது கழற்றுவோம் என்று தவிக்கும் அந்த நேரத்தில்தான் கை முகத்துக்குப் போகிறது. அதனால் ஒருவர் கழற்றும்போது இன்னொருவர் தள்ளி நின்று ஒவ்வொரு படியையும் உரக்கச் சொல்ல வேண்டும், அவர் சொல்லாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது என்று விதித்திருக்கிறோம்.

தூய்மைப் பணியாளர்களை முதல் அணியிலேயே சேர்த்தேன். பயிற்சி முடிந்ததும் அவர்களில் மூத்த அக்கா ஒருவர், "ஏனுங்க சிஸ்டர், அந்த ரூமைத் துடைச்ச துணிய மறுக்கா அலசி வெக்கறதுங்களா, இல்ல எரிச்சுப் போடறதுங்களா?" என்று கேட்டார். அன்றைய கூட்டங்கள் எதிலும் எழாத கேள்வி அது. கேட்கப்பட்டவற்றில் மிகச் சிறந்ததும் அதுவே. துணியை மறுபடி பயன்படுத்தக் கூடாது, மஞ்சள் பையில் போட வேண்டும், ரத்தமோ வாந்தியோ சிந்தினால் கிருமிநாசினியான ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றிக் காத்திருந்தே துடைக்க வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

பேராம்பிரா தாலுகா மருத்துவமனையின் செவிலியர் லினி 2018 மே 21 அன்று நிபாவால் இறந்தார். தான் கவனித்துக்கொண்ட நோயாளிக்கு என்ன நோய் என்பதே அப்போது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவருடைய பெயரைச் சொல்லித்தான் இன்றைய பயிற்சியைத் தொடங்கினேன்.

18 செப்டம்பர், திங்கள்

விநாயகர் சதுர்த்தி, கூட்டம் குறைவு. பழம் சாப்பிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கடிபட்ட பழத்தை எறிந்துவிடுங்கள், மற்றதைக் கழுவித் தோல் நீக்கிச் சாப்பிடுங்கள் என்பதே பதில்.

19 செப்டம்பர், செவ்வாய்

மாலையில் ஒரு லாரி ஓட்டுநரை அவருடைய மனைவியும் மைத்துனரும் அழைத்து வந்தார்கள். கோழிக்கோட்டுக்குச் சரக்கு ஏற்றிப் போய்த் திரும்பியவர். ஐந்து நாள் காய்ச்சல், கடும் தலைவலி, அரைமயக்கம். மேசையில் இருந்த செவிலியர் பதற்றமில்லாமல் முகக்கவசம் கொடுத்துப் பின்வாசலுக்கு அழைத்துப் போனார். சீட்டுப் பதிவு, பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் உள்ளேயே நடந்தன.

மனைவி அருகில் இருக்கத்தான் வேண்டும் என்று அழுதார். கணவரைத் தனியே விடச் சொல்வது எளிதான காரியமன்று. நம் ஊர்களில் நோயாளிக்கு ஊட்டுவதும் துடைப்பதும் உறவினர்தாம். வெளியே நாற்காலி போட்டு, கண்ணாடிச் சன்னல் வழியாக அவரைப் பார்க்கவும் அலைபேசியில் பேசவும் ஏற்பாடு செய்தபின் சற்று ஆறினார்.

20 செப்டம்பர், புதன்

தொண்டைச் சளி, ரத்தம், சிறுநீர் மாதிரிகள் மூன்றடுக்கு உறையில், குளிர்ப்பெட்டியில், சுகாதாரத் துறை வழியாகப் புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனத்துக்குப் போயின. முடிவுக்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது என்பதில் எங்கள் பொது மருத்துவர் உறுதியாக இருந்தார். மூளைக்காய்ச்சலுக்கான ஊசி மருந்துகளோடு டாக்ஸிசைக்ளினையும் முதல் நாளே தொடங்கிவிட்டார். இரவுப் பணிச் செவிலியர் உடல் துடைக்கும்போது அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருந்தழும்பைக் கண்டு சொன்னார். உண்ணிக் காய்ச்சலின் அடையாளம்; டாக்ஸிசைக்ளின் அதற்கான மருந்துதான்.

22 செப்டம்பர், வெள்ளி

நிபா இல்லை. காய்ச்சல் தணிந்து, காலையில் கஞ்சி குடித்தார். நிபா என்ற அச்சத்தில் அவரைத் தொடாமல் விலகி நின்றிருந்தால் அந்தத் தழும்பை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பாதுகாப்பு உடை நோயாளியை நெருங்குவதற்காகவே தரப்பட்டது என்று பணிமாற்றக் கூட்டத்தில் சொன்னேன்.

30 செப்டம்பர், சனி

கோழிக்கோட்டில் சிகிச்சையில் இருந்த நால்வரும் குணமடைந்துவிட்டார்கள். வென்டிலேட்டரில் இருந்த ஒன்பது வயதுச் சிறுவனும் அவர்களில் ஒருவன். வார்டில் இதை அறிவித்தபோது எழுந்த மகிழ்ச்சி பெரிது.

4 அக்டோபர், புதன்

உலக சுகாதார நிறுவனத்தின் குறிப்பு வந்திருக்கிறது. மொத்தம் ஆறு நோயாளிகள், இருவர் மரணம், செப்டம்பர் 15ஆம் தேதிக்குப் பிறகு புதிய தொற்று இல்லை. முதல் நோயாளிக்குத் தொற்று எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மற்ற ஐவரும் அவருடைய குடும்பத் தொடர்புகளும் மருத்துவமனைத் தொடர்புகளுமே. அவர்களோடு தொடர்பில் இருந்த 1,288 பேரைக் கேரளம் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. எந்த வார்டில் எந்நேரம் யார் இருந்தார்கள் என்ற பதிவு இல்லாமல் இப்படித் தேடுவது கடினம். எங்களிடம் நோயாளிகளுக்குப் பதிவேடு உண்டு, உடனிருப்பவர்களுக்கு இல்லை.

வாயில் மேசையை எடுத்துவிடலாமா என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். மேசை நிரந்தரமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு படுக்கைக்கும் உடனிருப்பவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பதியப்பட வேண்டும் என்று எழுத்து மூலம் கொடுத்தேன். மேசைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பதிவேடு திங்கள் முதல் பொது மருத்துவ வார்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் தொடங்குகிறது. உறவினர் கூட்டம் மிகுந்த பிரசவ வார்டுக்கு இன்னும் இசைவு வரவில்லை. அடுத்த வாரக் கூட்டத்தில் மறுபடி கேட்பேன்.