பழைய கார் கண்காட்சியில் 'எல்லாம் தெரிந்தவர்' வந்தால்

பானட்டைத் திறந்து வைத்தால் போதும், ஒருவர் வந்து நிற்பார். "பேட்டரியைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க சார்!" என்று அடித்துச் சொல்வார். வாக்குவாதம் வேண்டாம். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில், இன்றைய கார்களுக்கு நேர்மாறாக, பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். அந்தக் கேபிள் பாடியில் போல்ட் ஆகிற இடத்தைக் காட்டி, மேனுவலில் வயரிங் படம் உள்ள பக்கத்தைத் திறந்து வையுங்கள். அவரே குனிந்து பார்த்துக்கொள்வார்.

"ஈயமில்லாத பெட்ரோல் இன்ஜினைத் தின்றுவிடும்" என்பவர் சொல்வது பாதி உண்மை. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் (இன்ஜினின் மேல்பகுதி) தேய்வது எக்ஸாஸ்ட் வால்வு சீட், அதாவது புகையை வெளியே விடும் வால்வு வந்து அமரும் இடம், அதுவும் நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால். கடினமான சீட் பதித்தாகிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

நிறம் ஒரிஜினலா என்ற சந்தேகத்துக்கு டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பெயிண்டே பதில். மாற்றியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பேச்சைவிடக் கைதான் ஆபத்து. சூடான ரேடியேட்டர் மூடியைத் தொடப் போனால் உடனே தடுத்துவிடுங்கள், மரியாதையெல்லாம் பிறகு பார்க்கலாம். அழுத்தம் விட்டதும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். தூசியை உலர்ந்த துணியால் துடைக்கவும் விடாதீர்கள், பெயிண்டில் மெல்லிய கீறல் விழும். பெல்ட் பக்கிளோடு மட்கார்டில் சாய்பவரும் அதே சேதத்தைத்தான் செய்வார்.

ஆண்டு, இன்ஜின் சிசி, மாற்றிய பாகங்கள், இவற்றை ஏ4 அட்டையில் பெரிதாக எழுதி முன்கண்ணாடிக்குப் பின்னால் வையுங்கள். அதையும் மீறி ஒருவர் மறுத்தால், "எந்த மாடலில் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். சிலர் அந்த வண்டியிலேயே வேலை பார்த்த மெக்கானிக்காக இருப்பார்கள். அவர்களை நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.