அப்பாவின் காதுக்காக ஒரு மேல்முறையீடு

12 ஜனவரி 2024, வெள்ளி. பள்ளத்தூர்

பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போது பரணிலிருந்து அப்பாவின் கறுப்புத் தகரப் பெட்டியை இறக்கினேன். பழைய சீருடைக்கு அடியில் 2004-இல் வந்த கடிதம் ஒன்று. இரு செவிகளிலும் கேட்கும் திறன் இழப்பு, ஆயுள் முழுவதற்கும் 20 சதவீதம். ஆனால் அது ராணுவப் பணியால் வந்ததும் அன்று, பணியால் மோசமானதும் அன்று. ஆகவே ஊன ஓய்வூதியம் கிடையாது. ஏன் பணியால் வரவில்லை என்பதற்கு ஒரு சொல் விளக்கமும் இல்லை. பீரங்கிப் படையில் 17 ஆண்டுகள் இருந்தவருக்கு எழுதிய கடிதம் இது!

ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. "மாதா மாதம் பென்ஷன் வருகிறதே, அதற்கு மேல் கேட்பது முறையில்லை என்று விட்டுவிட்டேன் ஆத்தா" என்றார்.

29 ஜனவரி, திங்கள்

காரைக்குடியில் காது மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் அப்பா. காதில் ஒலிப்பான், கையில் பொத்தான். ஒலி கேட்டதும் அழுத்த வேண்டும். தொடக்கத்தில் விரல் நன்றாகவே அசைந்தது. சுருதி ஏற ஏற, வெளியே இருந்த பெண் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார். அப்பாவின் கட்டைவிரல் பொத்தான் மேல் அப்படியே இருந்தது. பரீட்சை எழுதும் பையனைப் போல முகத்தை இறுக்கி வைத்திருந்தார். என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

மருத்துவர் கோட்டுப்படத்தைக் காட்டினார். 4000 ஹெர்ட்ஸில் கோடு பள்ளத்தில் விழுந்து, 8000-இல் சற்று மேலேறுகிறது. வயதால் வரும் செவிட்டுத்தனத்தில் கோடு சரிந்துகொண்டே போகுமாம். இந்தப் பள்ளம் பெரும்பாலும் பேரொலியின் தடம். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒரு முறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. மெய்யெழுத்துகள் பலவும் உயர் சுருதியில் இருப்பதால் பேச்சு கேட்கும், சொல் பிடிபடாது. அம்மா "தட்டு" என்றால் அப்பா "என்ன கட்டு?" என்று கேட்பது இதனால்தான். கவனக்குறைவு என்று இத்தனை வருடம் நாங்கள் கடிந்துகொண்டோமே.

இன்றைய தாள் மட்டும் போதாது, பணியில் இருந்த காலத்துத் தாள்கள் வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார்.

6 பிப்ரவரி, செவ்வாய்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அப்பாவின் மருத்துவ ஆவணங்களைக் கேட்டு விண்ணப்பம். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர். அப்பாவே கையெழுத்துப் போட்டார்.

20 மார்ச், புதன்

வந்துவிட்டது! 1986-இல் சேர்ந்தபோது எழுதியது: இரு காதுகளும் இயல்பு. 2003-இல் வெளியேறும்போது: 20 சதவீதம். நடுவில் ஒரு காதுப் புகாரும் இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். காது சரியில்லை என்று சொன்னால் மருத்துவ வகையை, அதாவது உடல்தகுதித் தரத்தை, குறைப்பார்கள், பதவி உயர்வு நிற்கும், பீரங்கியிலிருந்து தள்ளி வைப்பார்கள். இரவெல்லாம் காதில் சில்வண்டு கத்தியும் அப்பா வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தைக் காட்டி "நோய் பணியில் வரவில்லை" என்றால் எப்படி ஏற்பது?

7 ஏப்ரல், ஞாயிறு

அப்பாவோடு ஒரே பீரங்கியில் நின்ற மாமா தேவகோட்டையிலிருந்து வந்திருந்தார். அப்பா காவல் பார்க்கும் பெரிய வீட்டில்தான் சந்திப்பு. சொந்தக்காரர்கள் சென்னையில். வாசலில் யாராவது தட்டினால் அப்பாவுக்குக் கேட்காது. அதனால் நிலைக்கதவின் வளையத்திலிருந்து வளவு என்னும் உள்முற்றம் வரை சணல் கயிறு இழுத்து, முனையில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார். துணி ஆடினால் எழுந்து போவார். மாமா கயிற்றை இழுத்தார், துணி ஆடியது, அப்பா ஓடினார்.

மாமாவுக்கும் காது மந்தம். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் கையாலேயே பேசினார்கள். கார்கில் கதை வந்தபோது மாமா வலக்கையை உயர்த்திச் சட்டென்று இறக்கினார். சுடு என்பதற்கான சைகை. அப்பாவின் இரண்டு கைகளும் தாமாகவே காதுக்குப் போயின. 1999-இல் போபர்ஸ் பீரங்கிக்கு அருகில் நாள் கணக்கில் நின்றார்கள். காதில் பஞ்சு தவிர வேறில்லை என்கிறார்கள். பீரங்கி வெடிக்கும் ஒலி 140 டெசிபலுக்கும் மேல்.

மாமா உறுதிமொழிப் பத்திரம் தருவதாகச் சொன்னார்.

22 ஏப்ரல், திங்கள்

முதல் மேல்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வழக்கறிஞர் அக்கா சொல்லச் சொல்ல எழுதியது. 1961-ஆம் ஆண்டு ராணுவ ஓய்வூதிய விதிமுறைகளில் 173-ஆவது விதி: குறைபாடு பணியால் வந்திருக்க வேண்டும் அல்லது பணியால் அதிகரித்திருக்க வேண்டும், 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அப்பா சரியாக அந்த விளிம்பில் நிற்கிறார். அடுத்து, உச்ச நீதிமன்றம் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது: சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பில்லை என்றால், பின்னால் வந்ததைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது, ஐயத்தின் பலன் வீரருக்கு. இதைப் படித்துக் காட்டியபோது அப்பா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் நிரூபிக்க வேண்டாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

2014-இல் ராம் அவதார் வழக்கின் தீர்ப்பும் இருக்கிறது. அதன்படி ஊன ஓய்வூதியத்துக்கு 50-க்குக் குறைந்த சதவீதம் 50 ஆகக் கணக்கிடப்படும்.

11 நவம்பர், திங்கள்

ஆறு மாதம் கடந்தும் பதில் இல்லை. அப்படியானால் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டமே வழி விட்டிருக்கிறது. விடியற்காலை பல்லவன் ரயிலில் சென்னைக்குப் புறப்பட்டோம். அங்கே தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. 20 ஆண்டுத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கேட்டுத் தனி மனு. ஓய்வூதியம் மாதந்தோறும் தொடரும் உரிமை என்பதால் அதைப் பெரும்பாலும் ஏற்பார்களாம். ஆனால் வென்றாலும் நிலுவை, பெரும்பாலும் மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தானாம். மற்றதெல்லாம் போனதுதான். இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது இப்படி ஒரு கடிதம் பெட்டிக்குள் கிடந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள்.

திரும்பி வரும்போது அப்பா ஜன்னலோரம். மனு எண் எழுதிய சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்து, மடித்து, மறுபடி வைத்தார். திருச்சி தாண்டியதும் என் கையைத் தட்டி, "தேவகோட்டை மாமாவுக்கும் அந்தப் பத்து ரூபாய் விண்ணப்பத்தை எழுதிக் கொடு" என்றார்.