முடிச்சை எண்ணுங்கள்: மெயோசிஸில் குரோமோசோம் கணக்கு

சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டிலிருந்து மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். எழுதியவள் நான். உயிரியலில் என்னை அதிகம் அழவைத்தது மெயோசிஸ்: ஒரு செல் இரண்டு முறை பிரிந்து, பாதி குரோமோசோம் உள்ள இனப்பெருக்கச் செல்களைத் தரும் பிரிவு. படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். எண்ணச் சொன்னால் தடுமாறுவேன்.

நான்காம் படிவச் சோதனையில் செம்பனையைக் கொடுத்திருந்தார்கள். உடல் செல்லில் 32 குரோமோசோம். அனாஃபாசா 1-இல், அதாவது முதல் பிரிவில் குரோமோசோம்கள் செல்லின் இரு முனைகளான துருவங்களுக்குப் பிரிந்து போகும் கட்டத்தில், ஒரு செல்லில் எத்தனை என்று கேள்வி. அனாஃபாசா என்றாலே பிரியும், பிரிந்தால் இரட்டிக்கும் என்று நினைத்து 64 என எழுதினேன். அது உடல் செல்கள் பெருகும் சாதாரணப் பிரிவான மைட்டோசிஸுக்குத்தான் பொருந்தும். இங்கே சரியான விடை 32.

புரியவைத்தது அம்மா வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கட்டும் மல்லிகைச் சரம். இந்தப் பக்கம் ஒரு பூ, அந்தப் பக்கம் ஒரு பூ, நடுவில் நாரால் ஒரு முடிச்சு. பூக்கள் குரோமாடிட், அதாவது இரட்டித்த குரோமோசோமின் இரண்டு இழைகள்; முடிச்சு அவற்றை இணைக்கும் சென்ட்ரோமியர். குரோமோசோமை எண்ணும்போது முடிச்சை மட்டும் எண்ணுங்கள். பிரிவுக்கு முந்தைய கட்டமான இன்டர்ஃபாசாவில் டி.என்.ஏ. இரட்டித்தாலும் முடிச்சு கூடுவதில்லை. அதனால் 32 அப்படியே 32.

இனி செம்பனையையே கொண்டு போவோம். முதல் பிரிவின் தொடக்கக் கட்டமான புரோஃபாசா 1-இல் 32 குரோமோசோம், 64 குரோமாடிட். ஒத்த குரோமோசோம்கள் ஜோடி சேர்வதால் 16 பைவேலண்ட், அதாவது 16 ஜோடி. அனாஃபாசா 1-இல் ஜோடிதான் பிரிகிறது, முடிச்சு அவிழவில்லை. ஒவ்வொரு துருவத்துக்கும் 16 போகும். செல் இன்னும் ஒன்றுதான் என்பதால் மொத்தம் 32. செல் இரண்டான பிறகே ஒவ்வொன்றிலும் 16 குரோமோசோம், 32 குரோமாடிட். இரண்டாம் பிரிவில் குரோமோசோம்கள் செல்லின் நடுவே வரிசையாக நிற்கும் மெட்டாஃபாசா 2-லும் அதே கணக்கு.

அனாஃபாசா 2-இல்தான் முடிச்சு அவிழ்கிறது. அவிழ்ந்த கணமே ஒவ்வொரு குரோமாடிட்டும் தனிக் குரோமோசோம் ஆகிவிடும். 16 இருந்த செல்லில் இப்போது 32. கடைசியில் கிடைக்கும் நான்கு செல்களிலும் தலா 16.

கேள்வியில் 'ஒரு செல்லில்' என்றிருக்கிறதா, 'ஒரு துருவத்தில்' என்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் அந்தச் சொல்லைப் பென்சிலால் வட்டமிட்ட பிறகுதான் எண்ணத் தொடங்குவேன்.

எண்ணிக்கை தவறினால் மனம் உடைந்து போகாதீர்கள். மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றுதான் பல பத்தாண்டுகளாக அறிவியலாளர்களே நம்பினார்கள். ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோவும் ஸ்வீடனின் ஆல்பர்ட் லெவனும் சேர்ந்து, 46 தான் என்று 1956-இல் வெளியிட்டார்கள். குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரவியிருக்கும்படி செல்களைத் தயாரித்ததால்தான் அவர்களால் சரியாக எண்ண முடிந்தது. நீங்களும் படத்தை நெருக்கமாக வரையாமல் இடம் விட்டு வரையுங்கள்.

ரப்பர் மரத்துக்கு 36. அதன் அனாஃபாசா 2-ஐ வரைந்து, ஒரு செல்லில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். 36 வந்தால் சரி. 72 வந்தால், முதல் பிரிவில் செல் இரண்டானதை விட்டுவிட்டீர்கள்.