30 மீட்டருக்கு 12 சென்டிமீட்டர்

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் பாதாள சாக்கடை வேலைக்கு சைட் என்ஜினியராகப் போனபோது, கழிவுநீரேற்று நிலையம் கட்டுவதுதான் பெரிய வேலை, குழாய் பதிப்பது பள்ளம் தோண்டி மூடுகிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். நிலையம் திருமணிமுத்தாற்றை ஒட்டிய தாழ்வான இடத்தில். வட்டமான கான்கிரீட் கிணறு, அதற்குள் நீர்மூழ்கி மோட்டார்கள், அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு இரும்புக் குழாய். மழைக்காலத்தில் காலிக் கிணறு நிலத்தடி நீரில் மிதந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

மீதிக் கவலை முழுக்கத் தெருவில் இருந்தது. தெருக் குழாய்க்கு மோட்டார் கிடையாது, வாட்டம்தான் மோட்டார். எங்கள் வரைபடத்தில் 200 மில்லிமீட்டர் குழாய்க்கு 250-க்கு 1. ஒரு மேன்ஹோலுக்கும் அடுத்ததற்கும் 30 மீட்டர் என்றால் இறக்கம் வெறும் 12 சென்டிமீட்டர். அது குறைந்தால் தண்ணீர் போய்விடும், கசடு தங்கிவிடும். இந்த வாட்டத்தில் ஒரு கிலோமீட்டர் போனால், சமமான தெருவிலும் குழாய் 4 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். இனிமேல் தோண்டிக் கட்டுப்படியாகாது என்கிற இடத்தில்தான் நீரேற்று நிலையமே தேவைப்படுகிறது.

எங்கள் தெருவில் ஓராள் ஆழத்திலேயே பாறை. வீடுகள் நெருக்கமாக இருந்ததால் வெடி வைக்க வழியில்லை. கம்ப்ரசர் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தோம். ஒரு வீட்டில் குழித்தறி இருந்தது. அந்த வீட்டு ஆயா தினமும் வாசலுக்கு வருவார். "ஏங்கண்ணு, இது அடிக்கிற அடியில இழை அறுந்துக்கிட்டே கெடக்குது. இன்னும் எத்தன நாளு?"

அதற்குள் ஆடி வந்துவிட்டது. சேலத்தில் ஆடி என்றால் எல்லா மாரியம்மனுக்கும் ஆடிதான். பூச்சாட்டுக்கு முன்னால் தெருவை மூடிக் கொடுத்தாக வேண்டும். ஓரிடத்தில் பாறை நாலு சென்டி தூக்கலாக நின்றது. "நாலு சென்டிதானே சார், மணலப் போட்டுப் பதிச்சிரலாம்" என்றார் மேஸ்திரி. சரி என்றேன். அவர் கேட்டார்தான், ஆனால் லெவல் கருவி என் கையில் இருந்தது.

ஆடி முடிந்து விளக்குச் சோதனை. ஒரு மேன்ஹோலில் விளக்கு, அடுத்ததில் கண்ணாடி. குழாய் நேராக இருந்தால் கண்ணாடியில் முழு வட்டம் தெரியும். எங்களுக்குத் தெரிந்தது கடித்துவிட்டு வைத்த தோசை. மேட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்றது.

அப்படியே விட்டுவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. விட்டால் என்ன ஆகும்? கசடு அடைக்கும், ஹைட்ரஜன் சல்பைடு சேரும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை. அதிகமானால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. அடைப்பு எடுக்க ஆளை அப்படி ஆபத்தில் இறக்குவதை 2013-ஆம் வருடச் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்புறமும் இறக்குகிறார்கள், சாகிறார்கள். வீட்டு இணைப்பு கொடுக்கும் முன் தெரிந்ததே பெரிது என்று மறுபடி தோண்டினோம். புது ரோட்டைப் பிளந்த செலவைப் பற்றி ஆபீசில் வாங்கிய பேச்சு தனிக்கதை.

கம்ப்ரசர் வந்து நின்றதும் ஆயா வெளியே வந்தார். "நல்லாத்தானே மூடுனீங்க?"

"கல்லு கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு ஆயா."

"எவ்வளவு?"

விரலிடுக்கில் காட்டினேன். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவின் மேல் ஒரு பழைய வேட்டியை இழுத்துப் போர்த்தினார், தூசி படாமல்.