65 கையெழுத்து

2003 ஜூலை கடைசி வாரம். கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் எங்கள் அடுக்ககத்தின் துணி துவைக்கும் அறையில் நின்றுகொண்டிருந்தேன், செல்போன் அடித்தது. என் வேலை பறிபோன ஆண்டில், உள்ளூர் அரசுக் கல்லூரியான சமுதாயக் கல்லூரியில் எனக்கு டேட்டாபேஸ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். "கவர்னர் தேர்தலில் நிற்கிறேன். கையெழுத்து வாங்க ஆள் வேண்டும். உங்களால் வர முடியுமா?" என்று கேட்டார். நான் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் இருந்தவரை தேர்தல் வேலை என்று ஒரு நோட்டீஸ்கூடக் கொடுத்ததில்லை. ஆனாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நம் ஊரில் ஆளுநர் என்றால் டெல்லி நியமிப்பவர். அங்கே கவர்னர் என்பவர் நம் முதலமைச்சரைப் போல. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் இன்னொன்றும் உண்டு. போதுமான கையெழுத்துத் திரட்டினால், பதவியில் இருப்பவரைப் பாதியிலேயே இறக்கத் தேர்தல் நடத்தலாம். ரீகால் என்பார்கள். 1911 முதல் சட்டத்தில் இருந்தாலும், ஒரு கவர்னர் மேல் அது தேர்தல்வரை போனது அதுதான் முதல் முறை. கிரே டேவிஸ் அப்போது கவர்னர். 2000, 2001 மின்வெட்டு, 3,800 கோடி டாலர் பட்ஜெட் பற்றாக்குறை, மூன்று மடங்காகப்போகும் கார் வரி என்று கோபம் சேர்ந்துகொண்டே போனது. ஜூலை 24 அன்று தேதி அறிவித்தார்கள்: அக்டோபர் 7. வேட்புமனுவுக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 9. மொத்தமே இரண்டு வாரம்.

எங்கள் ஆசிரியருடைய கோபம் வேறு. சமுதாயக் கல்லூரியில் பாட அளவான யூனிட் ஒன்றுக்கு 11 டாலர் என்றிருந்த கட்டணத்தை 24 ஆக்கலாம் என்று ஜனவரியில் கவர்னர் சொன்னார். கடைசியில் அது 18-இல் வந்து நின்றது. 12 யூனிட் எடுப்பவருக்கு 132 டாலர் 216 ஆகிறது. பெரிய தொகையா என்று கேட்பவர்கள் அந்த வகுப்பில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். இணைய நிறுவனங்கள் விழுந்த டாட்காம் சரிவில் வேலை இழந்த நாற்பது வயதுக்காரர்கள், பகலில் ஓட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு மாலையில் வருகிற பையன்கள், கைக்குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வருகிற பெண்கள். அங்கே பஸ் காசை எண்ணி எடுத்து வைப்பவர்களை எனக்குத் தெரியும். நானே ஒரு பருவம் பாடப்புத்தகம் வாங்காமல் நூலகப் பிரதியை வைத்துப் படித்தவள்தான். ஆசிரியர் டெமாக்ரடிக் கட்சிக்காரர். தன் கட்சி கவர்னரை இறக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். ஆனால் இந்தக் கட்டணத்தைப் பற்றி ஓட்டுச்சீட்டில் நிற்கிற ஒருவராவது பேச வேண்டும் என்றார். ஜெயிப்போம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

அன்றைய விதிப்படி மனுவுக்கு இரண்டு விஷயம் வேண்டும். 3,500 டாலர் கட்டணம், 65 கையெழுத்து. கட்டணம் இல்லையென்றால் 10,000 கையெழுத்து கொடுக்கலாம். இரண்டு வாரத்தில் அதற்கு வழியே இல்லை. பழைய மாணவர்கள் சேர்ந்து 1,140 டாலர் போட்டோம், மீதியை அவர் தன் சேமிப்பிலிருந்து எடுத்தார். கணக்கு நோட்டு என் கையில். 100 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர் என்றால் பெயர், முகவரி, தொழில், முதலாளி யார் என்று எல்லாம் குறிக்க வேண்டும். அந்த நோட்டை எழுதும்போதுதான் எங்கள் தமிழ் வட்டம் சட்டத்தின் கண்ணில் எப்படிப் பிரிந்து நிற்கிறது என்று புரிந்தது. என் கணவரிடம் கிரீன் கார்டு. பணம் கொடுக்கலாம், கையெழுத்துப் போட முடியாது. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருந்த நண்பர்கள் பணமும் கொடுக்கக் கூடாது, கையெழுத்தும் போடக் கூடாது. சம்பளம் வாங்காமல் உழைக்க மட்டும் தடையில்லை. "அக்கா, அப்போ நான் வண்டி ஓட்டுறேன்" என்றான் ஒரு தம்பி. அடுத்த இரண்டு மாதமும் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு அலைந்தது அவன்தான்.

65 என்றால் எளிது என்று நினைத்திருந்தேன். கையெழுத்துப் போடுபவர் வாக்காளராகப் பதிந்தவராக இருக்க வேண்டும், அதுவும் வேட்பாளரின் கட்சியிலேயே பதிந்திருக்க வேண்டும். எழுதுகிற முகவரியும் பதிவேட்டில் உள்ள முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே வாக்காளராகப் பதியும்போதே எந்தக் கட்சி என்று எழுதிக் கொடுப்பார்கள். பாதிப் பேருக்கு அது நினைவிலேயே இல்லை. ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, மர்ஃபி அவென்யூ சந்தையில் காலை எட்டு மணியிலிருந்து நின்றேன். கையில் பிடிப்பு அட்டை, பேனா காணாமல் போகாமலிருக்க சமையலறை நூலால் கட்டியிருந்தேன். முதல் அரைமணி நேரம் வாயே திறக்க வரவில்லை. தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று, வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அப்புறம் வயதான ஒரு அம்மாள் தானே நின்று, "என்ன அது?" என்று கேட்டார். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு அந்தத் தாளின் பொடி எழுத்தை ஒரு வரி விடாமல் படித்தார். கை நடுங்கியது. கட்டத்துக்குள் எழுத்து விழ வேண்டும் என்பதற்காக, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினார். "இவர் எனக்குப் பிடித்த ஆளா என்று தெரியாது. ஆனால் நிற்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வாங்கிய பீச் பழத்தில் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு எனக்குப் பேச்சு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்கிழமை, 78 கையெழுத்தைக் கொடுத்தோம். அன்று மாலைதான் ஹாலிவுட் நடிகர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் தொலைக்காட்சியில் தான் நிற்பதாக அறிவித்தார். மறுநாள் மதியம் தேர்தல் அலுவலகத்திலிருந்து அழைப்பு: செல்லுபடியானது 58. ஏழு குறைகிறது. தள்ளுபடியான இருபதையும் உட்கார்ந்து பார்த்தோம். பக்கத்து ஊரான மவுண்டன் வியூவிலிருந்து வீடு மாறியவர்கள் பதிவை மாற்றவில்லை. ஒருவர் தபால் பெட்டி எண்ணை எழுதியிருந்தார். மனைவிக்கும் சேர்த்துத் தானே போட்டுவிட்ட கணவர் ஒருவர். எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள் ஆறு பேர். அது நான் கேட்டு வாங்கியதுதான், தப்பு என்னுடையது. மொத்தமே 100-க்கு மேல் கொடுக்கக் கூடாது என்பதால், இனி வாங்குகிற ஒவ்வொன்றும் சரியாக இருக்க வேண்டும். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தத் தம்பியின் காரில் கிளம்பினோம். இந்த முறை தெருவில் நிற்கவில்லை. மாலை வகுப்பு மாணவர்களின் அப்பா அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரிந்தவர்களின் வீட்டுக் கதவைத் தட்டினோம். வீடு மாறினீர்களா, கட்சி எது என்று முதலிலேயே கேட்டுவிட்டுத்தான் பேனாவை நீட்டினேன். இரவு ஒன்பதரைக்கு 14. வெள்ளிக்கிழமை காலை கொடுத்தோம். மாலை நான்கு மணிக்கு, சேர்ந்துவிட்டது என்று சொன்னார்கள். ஆசிரியர் கவுண்டரிலேயே கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் ஓட்டுச்சீட்டில் 135 பேர். அகர வரிசைப்படி போட்டால் முதல் எழுத்துக்காரர்களுக்கு லாபம் என்பதால், ஆகஸ்ட் 11 அன்று மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் 26 எழுத்துகளையும் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். ஆர் முதலில் வந்தது, எல் கடைசியில். அந்த வரிசையும் 80 சட்டமன்றத் தொகுதிகளில் சுழன்றுகொண்டே போகும்: ஒரு தொகுதியில் தலையில் இருக்கும் பெயர் அடுத்ததில் வாலுக்குப் போய்விடும். இந்த முறை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். பணமோ முகமோ இதில் ஒன்றும் செய்ய முடியாது. பெயருக்குக் கீழே தொழிலை மூன்று சொல்லில் போடலாம். ஆங்கிலத்தில் "கம்யூனிட்டி காலேஜ் இன்ஸ்ட்ரக்டர்", சரியாக மூன்று. வாக்காளர் கையேட்டில் தன்னைப் பற்றி எழுத ஒரு சொல்லுக்கு 25 டாலர். 250 சொல் என்றால் 6,250. அதை விட்டுவிட்டோம். ஆக மாநிலத்தின் பெரும்பாலான வாக்காளர்களுக்கு அவரைப் பற்றிக் கிடைக்கப்போவது அந்த மூன்று சொல் மட்டும்தான்.

பத்திரிகைகள் இந்த 135 பேரையும் சர்க்கஸ் என்றன. குழந்தை நட்சத்திரமாக இருந்த நடிகர் கேரி கோல்மேனைப் பற்றியும், பதிப்பாளர் லாரி ஃபிளின்ட்டைப் பற்றியும் பக்கம் பக்கமாக வந்தது. எங்கள் ஆசிரியரை ஒரு நிருபர் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது விசித்திரமான வளர்ப்புப் பிராணி இருக்கிறதா என்று கேட்டார். கட்டணத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இப்போது எழுதும்போதும் வருகிறது.

வீடு வீடாகப் போனதில் பாதி நேரம் ஓட்டுச்சீட்டை விளக்குவதிலேயே போனது. முதல் கேள்வி, டேவிஸை இறக்கலாமா வேண்டாமா. இரண்டாவது, இறக்கினால் யார். முதலாவதில் வேண்டாம் என்று போட்டவரும் இரண்டாவதில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவது பட்டியலில் டேவிஸ் பெயர் இருக்காது. நூறு வாசலிலாவது இதைச் சொல்லியிருப்பேன். ஒரு பெரியவர் நான்கு முறை கேட்டுவிட்டு, "இதை ஏன் தொலைக்காட்சியில் இவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?" என்றார்.

செப்டம்பர் 15 அன்று எல்லாம் நின்றது. துளையிடும் அட்டை வைத்து ஓட்டுப் போடும் ஆறு கவுண்டிகளில் (நம் மாவட்டம் போல) ஓட்டுகள் தவறிப்போகும் என்று சொல்லி, மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தேர்தலையே தள்ளி வைத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸும் எங்கள் சாண்டா கிளாராவும் அந்த ஆறில் அடக்கம். அக்டோபர் 7 என்று போட்டு அச்சடித்த 2,000 துண்டுப்பிரசுரம் என் வரவேற்பறையில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. இன்னொரு முறை அச்சடிக்கப் பணம் இல்லை. எட்டாம் நாள் அதே நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். அன்று இரவே நான்கு பேர் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தோம். மறுநாள் ஷ்வார்ஸ்நெகர் கலந்துகொண்ட விவாதத்தில் ஐந்து பேருக்குத்தான் இடம். மடித்துக்கொண்டே பார்த்தோம்.

அக்டோபர் 7 காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்றேன், என் வாழ்க்கையின் முதல் ஓட்டு. அட்டையைச் செருகி, பக்கம் பக்கமாகப் புரட்டி அவர் பெயரைத் தேடினேன். கண்டுபிடித்ததும் ஊசியை நேராக வைத்து அழுத்தினேன். அட்டையை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்; துளையில் ஒரு துணுக்குத் தொங்கியது. அதை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

டேவிஸை இறக்க 55.4 சதவீதம் பேர் போட்டார்கள். ஷ்வார்ஸ்நெகருக்கு 42 லட்சம் ஓட்டு, 48.6 சதவீதம். எங்கள் ஆசிரியருக்கு ஆயிரத்தைத் தொடவில்லை. அடுத்த வருடம் கட்டணம் யூனிட்டுக்கு 26 டாலர் ஆனது.

நவம்பர் நடுவில் அதிகாரபூர்வ முடிவு வந்ததும் கவுண்டிவாரி ஓட்டுப் பட்டியலை அச்செடுத்து அவரிடம் கொண்டுபோனேன். 58 கவுண்டி. பென்சிலால் ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தவர் ஆல்பைன் கவுண்டியில் நின்றார். சியரா நெவாடா மலைமேல், ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிற இடம். நாங்கள் யாரும் அங்கே போனதில்லை, ஒரு தாள்கூட அனுப்பவில்லை. அவர் பெயருக்கு நேரே 2 என்று இருந்தது.

"இந்த இரண்டு பேர் யாராக இருக்கும்?" என்று கேட்டார். பென்சிலால் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, தாளை மடித்துத் தன் பாடக்குறிப்பு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். ஆறரை மணி வகுப்புக்கு நேரமாகியிருந்தது.