கோதையாற்றை எதிர்த்து

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் அம்மனைத் தரிசித்து, விவேகானந்தர் பாறைக்குப் படகேறி, சூரிய உதயத்துக்குக் கைகூப்பிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். மாவட்டத்தின் பாதிதான் கடல். வடமேற்கே மழைக்காடும் மலையும் அங்கிருந்து இறங்கும் ஆறும் இருக்கின்றன. அங்குள்ள கோயில்களை அந்த ஆற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நண்பர் ஒருவருடன் கோதையாற்றை எதிர்த்து, கீழிருந்து மேலே போனேன்.

முதலில் திருவட்டாறு. நம்மாழ்வார் பாடிய தலம். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022-இல் இங்கே குடமுழுக்கு நடந்தது. ஒற்றைக்கல் மண்டபத்தில் ஏறி நின்றால், 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட ஆதிகேசவரை மூன்று வாசல்கள் வழியாகத்தான் பார்க்க முடிகிறது. எண்ணெய் விளக்கின் வெளிச்சம் கண்ணுக்குப் பழகச் சிறிது நேரம் ஆகும். கேசன் என்ற அரக்கனை அடக்கி அவன்மேல் பெருமாள் பள்ளிகொண்டதாகத் தலபுராணம் சொல்கிறது. அரக்கனுக்காக ஆறு பெருகி அவரை மூழ்கடிக்க வந்ததாம். பூமாதேவி அந்த இடத்தை மேடாக்கிவிட, வெள்ளம் சுற்றி வளைந்து மாலையாகிவிட்டது. இன்றும் கோதையாறும் பறளியாறும் கோயிலைச் சுற்றித்தான் ஓடுகின்றன. ஆனால் மூலவர் கல் அல்ல, கடுசர்க்கரை என்ற மூலிகைக் கலவையால் ஆன திருமேனி என்பதால் அபிஷேகம் கிடையாது. இரண்டு ஆறுகள் சூழ்ந்திருந்தும் ஒரு சொட்டு நீர் மேலே படாமல் படுத்திருக்கிறார். எனக்கு அதுதான் இந்தத் தலத்தின் ரகசியமாகப் பட்டது.

அடுத்தது திற்பரப்பு. மகாதேவர் கோயிலின் அருகிலேயே அருவி விழுகிறது. அருவிக்கரையில் ஷாம்பு பாக்கெட்டுகளைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. அதற்குமேல் சொன்னால் கோபம் வரும். கோயில் வேறு உலகம். சிவாலய ஓட்டத்தில் இது மூன்றாவது தலம். மகா சிவராத்திரியையொட்டிப் பக்தர்கள் கையில் பனையோலை விசிறியுடன், முஞ்சிறையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களை ஓடியே தரிசிக்கிறார்கள். ஓடுவது சிவனைக் காண, வாயில் வருவதோ ‘கோவிந்தா, கோபாலா’! திருமாலின் பெயரைக் கேட்கப் பொறுக்காத, பாதி மனிதன் பாதி விலங்கான புருஷாமிருகத்திடம் பீமன் அந்தப் பெயரைச் சொல்லி ஓடிய கதை இது. சைவமா வைணவமா என்று சண்டை போடுகிறவர்களை ஒரு தடவை இந்த ஓட்டத்தில் இறக்கிவிட வேண்டும்.

குலசேகரம் தாண்டியதும் ரப்பர் தோட்டங்கள். பால்வெட்டிய மரங்களில் சிரட்டைகள், காற்றில் லேசான புளித்த வாசனை. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணைக்கு மேலே காடு அடர்கிறது. அங்கேதான் பழங்குடிகளான காணி மக்களின் குடியிருப்புகள். மூங்கில் குடிசைகளைக் கற்பனை செய்துகொண்டு வந்த என் நண்பருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். கான்கிரீட் வீடுகள், முற்றத்தில் காயும் நல்லமிளகு, திண்ணையில் செல்போனைத் தட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள். காணிகள் நமக்காகப் பழைய மாதிரியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு வீட்டில் கட்டன் சாயாவும் வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் சாற்றுப்பாட்டு அறிந்தவர். நோய் தீரவும் காட்டுத் தெய்வங்களை அழைக்கவும் இரவு முழுவதும் பாடும் பாட்டு அது. உள்ளேயிருந்து கொக்கரையை எடுத்து வந்து காட்டினார். முழங்கைக்கும் குறைவான நீளத்தில் இரும்புக் குழல்; அதன் விளிம்பு முழுவதும் பற்கள்; சங்கிலியில் தொங்கும் சிறு கம்பியால் அதை உரச வேண்டும். இரண்டு முறை உரசினார். கரகரவென்ற அந்த ஓசை பல்லில் கூசியது, ஆனால் மறுபடி கேட்கத் தோன்றியது.

“பாட்டா, கொஞ்சம் பாடுங்களேன், பதிவு செய்துகொள்கிறோம்” என்றார் நண்பர்.

“தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாது மக்களே. கூப்பிட்டவர்களை முறையாகத் திருப்பி அனுப்ப வேண்டும். விடிந்துவிடும்.”

தரிசனம் முடிந்ததும் செருப்பைத் தேடி ஓடுகிற நான் பதில் பேசவில்லை. வந்த தெய்வத்தை வழியனுப்பும் பொறுப்பும் அழைத்தவனுக்கு உண்டு என்பதை எந்தக் கோயில் வரிசையிலும் நான் யோசித்ததில்லை. எனக்கு அது திருவட்டாற்றுக்குச் சமமான தரிசனம்.

போக விரும்புகிறவர்கள் வனத்துறை அனுமதியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பேச்சிப்பாறை வரை பஸ் உண்டு. திரும்பும் பஸ் நேரத்தையும் இறங்கும்போதே விசாரித்துவிடுங்கள். மிளகோ தேனோ வாங்கினால் சொன்ன விலையைக் கொடுங்கள். நண்பர் பேரம் பேசினார். பெரியவரின் மனைவி சிரித்துக்கொண்டே மிளகுப் பையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.